வீட்டு வண்டிக்கு ஒரு தூசி உறிஞ்சி

‘சுத்தம் சோறு போடும்’ என்பது நம் முன்னோர் வாக்கு. விடியுமுன் எழுந்து வாசல் பெருக்கி, நீர் தெளித்து, கோலமிடும் நம் குடும்பங்களுக்கு இதனை எவரும் புதிதாகக் கற்பிக்க வேண்டியதில்லை. ஆயினும், வீடே சக்கரம் பூட்டிக்கொண்டு சாலையில் புறப்பட்டுவிட்டால் அதனைத் தூய்மையாக வைத்திருப்பது எப்படி என்னும் கேள்வி நமக்குச் சற்றுப் புதியதே.

முற்காலத்தில் வேளாங்கண்ணிக்கும் கோணான்குப்பத்துக்கும் நம் பெரியோர் கூண்டு வண்டி கட்டிச் சென்றனர். வண்டிக்குள் வைக்கோல் பரப்பி, அதன்மேல் ஜமுக்காளம் விரித்து, குழந்தைகளைப் படுக்கவைத்து, வழியில் தோப்பு கண்ட இடத்தில் இறங்கிச் சமைத்து உண்டனர். திரும்பி வந்ததும் வைக்கோலை மாட்டுக்குப் போட்டுவிட்டு ஜமுக்காளத்தை உதறினால் வண்டி தூய்மையாயிற்று. இன்று அந்த இடத்தை வேன் பிடித்துக்கொண்டது. படுக்கை, சிறு அடுப்பு, தண்ணீர்த் தொட்டி, விளக்கு, விசிறி ஆகியவை பொருத்தப்பட்ட வீட்டு வண்டியை மேலை நாட்டார் நெடுங்காலமாகப் பயன்படுத்தி வருகின்றனர். நம் நாட்டில் திரைப்பட நடிகர்களின் ‘கேரவன்’ என்ற அளவிலேயே அறியப்பட்டிருந்த அவ்வண்டி, கேரள அரசு 2021ஆம் ஆண்டில் ‘கேரவன் கேரளா’ என்னும் சுற்றுலாத் திட்டத்தை அறிவித்த பின்னர் நடுத்தரக் குடும்பங்களின் பேச்சிலும் இடம்பெறலாயிற்று. முழு வீட்டு வண்டி இல்லாவிடினும், வேனிலேயே இரண்டு மூன்று இரவுகள் உறங்கிப் பயணம் செய்யும் குடும்பங்களும் உண்டு. இத்தகைய வண்டிக்கு ஏற்ற சிறிய ‘வாக்குவம் கிளீனர்’, அதாவது தூசி உறிஞ்சும் கருவி, எது என்று ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

நம் வழித் தூசியின் இயல்பு

கருவியை அறியுமுன் தூசியை அறிய வேண்டும். இதற்குச் சேத்தியாத்தோப்பைவிடச் சிறந்த பள்ளிக்கூடம் கிடைப்பது அரிது. விக்கிரவாண்டியிலிருந்து தஞ்சாவூர் செல்லும் நெடுஞ்சாலையில், நெய்வேலியையும் வடலூரையும் கடந்து தெற்கே வந்தால் வெள்ளாற்றங்கரையில் அமைந்திருக்கிறது இவ்வூர். 1956இல் நெய்வேலியில் பழுப்பு நிலக்கரி நிறுவனம் தொடங்கப்பட்டது. 1962இல் அங்கு அனல்மின் உற்பத்தி தொடங்கியது. பூமியைப் பல ஆள் ஆழத்துக்கு அகழ்ந்து மேல்மண்ணை மலைபோல் குவித்த பின்னரே நிலக்கரி வெளிப்படுகிறது. அக்கரியை எரித்தபின் எஞ்சும் பறக்கும் சாம்பல் செங்கல்லுக்கும் சிமெண்டுக்கும் பயன்படுகிறது. கோடையில் காற்று வீசினால் மேல்மண்ணும், கரித்தூளும், சாம்பலும் சாலையில் செல்வோரைத் தேடி வருகின்றன.

இவ்வூரிலேயே கூட்டுறவுச் சர்க்கரை ஆலையும் உண்டு. அரவைக் காலத்தில் கரும்பு வண்டிகள் உதிர்க்கும் சோகையும், எரிந்த சக்கையின் கரித்துகளும் சேர்ந்துகொள்ளும். அறுவடைக் காலத்தில் நெற்பதர் பறக்கும். இவற்றையெல்லாம் கடந்து வேளாங்கண்ணி சென்று, கடலில் கால் நனைத்துத் திரும்பும் குழந்தைகள் கைநிறைய, கால்நிறைய மணலையும் வண்டிக்குள் கொண்டுவந்து சேர்க்கின்றனர். உடன் பொரி, சிந்திய சோறு, தலைமுடி, உருகி உறைந்த மெழுகு ஆகியனவும் உண்டு.

இவற்றை மூன்று வகையாகப் பிரிக்கலாம். முதலாவது, கடல்மணல் போன்ற கனமான பருக்கைகள். இவற்றைத் தூக்கிச் செல்ல விரைவான காற்றோட்டம் வேண்டும். இரண்டாவது, முடி, நூல், சோகை போன்ற நீண்ட பொருள்கள். இவை கருவியின் சுழலும் தூரிகையில் சிக்கிக்கொள்ளும். ஆகவே எளிதில் கழற்றித் தூய்மை செய்யத்தக்க தூரிகை வேண்டும். மூன்றாவது, சாம்பல் போன்ற மிக நுண்ணிய பொடி. இதனை உறிஞ்சுவது எளிது. உறிஞ்சியதை வெளியே விடாமல் பிடித்துவைப்பதுதான் அரிது. மனிதத் தலைமுடி ஒன்றின் தடிமன் ஏறத்தாழ 70 மைக்ரான். பத்து மைக்ரானுக்குக் குறைந்த துகள் நம் மூச்சுக்குழலுக்குள் செல்லும். இரண்டரை மைக்ரானுக்குக் குறைந்ததோ நுரையீரலின் ஆழம்வரை செல்லும். இளைப்பு நோயுள்ள குழந்தையோ முதியவரோ அவ்வண்டிக்குள் படுத்துறங்கினால் அவரை வருத்துவது கண்ணுக்குத் தெரியும் மணல் அன்று, தெரியாத இப்பொடியே.

கருவி வந்த கதை

இக்கருவி தோன்றிய வரலாறும் ஒரு வண்டியிலிருந்தே தொடங்குகிறது. லண்டனில் ஹூபர்ட் செசில் பூத் என்னும் பொறியாளர், தூசியை ஊதித் தள்ளுவதைவிட உறிஞ்சி எடுப்பதே மேலென எண்ணினார். நாற்காலி ஒன்றின்மேல் கைக்குட்டையை விரித்து, அதன்மேல் வாய் வைத்து உறிஞ்சிப் பார்த்தார் என்பர். கைக்குட்டையின் அடிப்புறத்தில் அழுக்கு வட்டம் படிந்திருந்ததாம். 1901இல் அவர் அமைத்த கருவி மிகப் பெரியது. குதிரை பூட்டிய வண்டியில் ஏற்றித் தெருவில் நிறுத்தி, நீண்ட குழாய்களைச் சாளரம் வழியே வீட்டுக்குள் நீட்டித் தூசியை இழுத்தனர். 1902இல் ஏழாம் எட்வர்டு மன்னரின் முடிசூட்டு விழாவுக்காக வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தின் கம்பளங்களைத் தூய்மை செய்ததும் இதுவே.

அதனைக் கையடக்கமாக்கியவர் ஓர் எளிய மனிதர். அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் ஒரு கடையைக் கூட்டிப் பெருக்கும் பணியில் இருந்த ஜேம்ஸ் மர்ரே ஸ்பாங்களர் இளைப்பு நோயாளர். துடைப்பம் கிளப்பிய தூசி அவரை மிகவும் வாட்டியது. 1907இல் ஒரு மின்விசிறி மோட்டார், சோப்புப் பெட்டி, துடைப்பக் கழி, தலையணை உறை ஆகியவற்றைக் கொண்டு அவரே ஒரு கருவியைச் செய்துகொண்டார்; மறு ஆண்டு காப்புரிமையும் பெற்றார். பின்னர் அவ்வுரிமையை வாங்கிய ஹூவர் குடும்பத்தின் பெயரே உலகெங்கும் பரவியது. பெருக்குபவரின் நெஞ்சு வலியிலிருந்து பிறந்த கருவி இது என்பதை வாங்கச் செல்வோர் நினைவில் வைத்தல் நன்று.

மின்கம்பி இல்லாத சிறு கைக்கருவி 1979இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. நம் நாட்டிலோ 1982இல் தொடங்கப்பெற்ற யுரேகா போர்ப்ஸ் நிறுவனத்தின் இளைஞர்கள், கழுத்தில் டை அணிந்து வீடு வீடாக வந்து, நம் மெத்தையிலிருந்தே தூசியை எடுத்துக் காட்டி வியப்பூட்டியதைப் பலர் மறந்திருக்க மாட்டார்கள். அன்று கருவி வண்டியேறி வீட்டுக்கு வந்தது. இன்று வீடே வண்டியாகி, கருவி அதன் ஒரு மூலையில் இடம் கேட்கிறது.

எண்களைக் கண்டு மயங்கலாகாது

கடையில் முதலில் நம் காதில் விழுவது ‘இத்தனை வாட்’ என்பதே. வாட் என்பது கருவி உண்ணும் மின்சாரத்தின் அளவு. அது செய்யும் வேலையின் அளவன்று. மிகுதியாக உண்பவரெல்லாம் மிகுதியாக உழைப்பவர் அல்லரே! ஐரோப்பிய ஒன்றியம் 2014இல் வீட்டுத் தூசி உறிஞ்சிகளின் மின்திறனை 1600 வாட்டுக்குள்ளும், 2017இல் 900 வாட்டுக்குள்ளும் அடக்க வேண்டுமென விதித்தது. உற்பத்தியாளர்கள் குறைந்த மின்சாரத்தில் வேலை செய்யும் கருவிகளை அமைத்துக்கொண்டனர்.

இரண்டாவதாகக் கூறப்படுவது ‘பாஸ்கல்’. இது உறிஞ்சு விசையின் அளவு. இளநீரைக் குழல் வைத்துக் குடிக்கும் சிறுவனை எண்ணிப் பார்ப்போம். குழல் மிக மெல்லியதாயின் கன்னம் ஒட்ட இழுத்தாலும் சில துளிகளே வரும். குழல் அகன்றிருந்து இழுக்கும் வலிவு இல்லையெனினும் பயனில்லை. வலிவும் வேண்டும், ஓட்டமும் வேண்டும். பாஸ்கல் அளவோ பெரும்பாலும் கருவியின் வாயை முழுதும் அடைத்து, காற்றோட்டமே இல்லாத நிலையில் எடுக்கப்படுவது. ஆகவே அந்த எண் ஒன்றை மட்டும் நம்பி வாங்குவது, குழலைப் பார்க்காமல் சிறுவனின் கன்னத்தை மட்டும் பார்ப்பது போலாகும். விசையையும் ஓட்டத்தையும் சேர்த்துக் கணக்கிட்ட ‘காற்று வாட்’ என்னும் அளவு பெட்டியில் குறிக்கப்பட்டிருந்தால், அதனைக்கொண்டு ஒரு கருவியை மற்றொன்றோடு ஒப்பிடலாம்.

மின்சாரம் எங்கிருந்து வரும்?

வீட்டில் சுவரில் செருகினால் மின்சாரம் வரும். வண்டியில் ஒவ்வொரு ஆம்பியரும் பேட்டரியிலிருந்து கடனாகப் பெறுவதே. ஆகவே இக்கேள்வியே மற்ற எல்லாவற்றுக்கும் முந்தியது.

வண்டியின் முன்பக்கத்துள்ள 12 வோல்ட் செருகுவாய்க்குப் பெரும்பாலும் 10 அல்லது 15 ஆம்பியர் ஃபியூஸ் இருக்கும். 12ஐ 10ஆல் பெருக்கினால் 120 வாட். அதற்குள் அடங்கும் கருவியே அங்கு ஓடும். மீறினால் ஃபியூஸ் எரியும். 120 வாட் கருவியைக் கால் மணி நேரம் ஓட்டினால் செலவாவது இரண்டரை ஆம்பியர்-மணி. இது பெரிய செலவன்று. ஆனால் இரவு முழுவதும் விசிறியும் விளக்கும் ஓடிய பின்னர், விடியற்காலையில் இதனையும் ஓட்டினால் வண்டி கிளம்ப மறுக்கக்கூடும். அறியாத ஊரில், குழந்தைகளோடும் முதியோரோடும், கிளம்பாத வண்டியில் அமர்ந்திருக்கும் துன்பம் சிறிதன்று. வண்டி ஓட்டத்துக்கு ஒன்று, வீட்டு உபயோகத்துக்கு ஒன்று எனத் தனித்தனிப் பேட்டரி இருந்தால் கவலையில்லை. ஒன்றே இருப்பின், திறந்த வெளியில் எஞ்சின் ஓடும்போது மட்டும் கருவியை இயக்குக. அடைத்த கொட்டகைக்குள் எஞ்சினை ஓடவிடுவது நச்சுப்புகையால் உயிருக்கே ஆபத்தாக முடியும்.

‘வீட்டிலுள்ள 1200 வாட் கருவியையே இன்வெர்ட்டர் வைத்து ஓட்டலாமே’ என்பார் சிலர். 1200ஐ 12ஆல் வகுத்தால் 100 ஆம்பியர். இன்வெர்ட்டரில் வீணாவதையும் சேர்த்தால் இன்னும் கூடும். அத்தனை மின்னோட்டம் மெல்லிய கம்பியில் சென்றால் கம்பி சூடேறி உருகும். இந்த யோசனையைக் கைவிடுவதே நலம்.

மூன்றாவது வகை, தனக்குள்ளேயே லித்தியம் பேட்டரி கொண்ட கம்பியில்லாக் கருவி. இதிலும் ஒரு கணக்கு உண்டு. பேட்டரியின் மேல் 21.6 வோல்ட், 2.5 ஆம்பியர்-மணி என்றிருந்தால் இரண்டையும் பெருக்குக. 54 வாட்-மணி கிடைக்கும். கருவி 100 வாட்டில் ஓடினால் ஏறத்தாழ அரைமணி. உச்ச வேகத்தில் 400 வாட்டில் ஓடினால் எட்டு நிமிடமே. ‘நாற்பது நிமிடம் ஓடும்’ என்னும் விளம்பரம் பெரும்பாலும் மெதுவான வேகத்தைக் குறித்ததாகவே இருக்கும். பத்தடி நீளமும் ஆறடி அகலமும் உள்ள வண்டித் தரையைத் தூய்மை செய்யப் பத்து நிமிடம் போதுமாதலால் நடுத்தர வேகத்தில் அவ்வளவு நேரம் ஓடும் கருவியே நமக்குப் போதுமானது. அதற்கு 12 வோல்ட்டிலிருந்தே மின்னேற்ற வழியுண்டா எனக் கேட்டறிய வேண்டும். பேட்டரி கழற்றி மாற்றத்தக்கதா, ஐ.எஸ். 16046 என்னும் இந்தியத் தரக் குறியீடும் பதிவு எண்ணும் அதில் உள்ளனவா என்றும் பார்த்தல் அவசியம். லித்தியம் பேட்டரிக்கு வெப்பம் பகை. 45 பாகைக்கு மேற்பட்ட சூட்டில் அதற்கு மின்னேற்றலாகாது. சித்திரை வெயிலில் பூட்டி நிறுத்திய வண்டிக்குள் அதனை விட்டுச் செல்வதும் தவறு. நாம் இறங்கும்போது அதுவும் இறங்கி நிழலுக்கு வரவேண்டும்.

பிடித்ததை விடாத வடிகட்டி

அரிசி ஆலையின் பின்புறம் தலைகீழாக நிற்கும் பெரிய தகரக் கூம்பை நாமெல்லோரும் பார்த்திருக்கிறோம். காற்றோடு சுழன்று வரும் உமி, கூம்பின் சுவரில் மோதி வேகம் இழந்து கீழே விழுகிறது. காற்று மேலே போகிறது. மர ஆலை ஒன்றில் இதே அமைப்பைக் கண்டுதான் பிரிட்டனைச் சேர்ந்த ஜேம்ஸ் டைசன், 1970களின் இறுதியில் பையில்லாத தூசி உறிஞ்சியை அமைக்க முற்பட்டார்; 5,127 மாதிரிகளைச் செய்து பார்த்த பிறகே வெற்றி கண்டார். இன்றைய சிறு கருவிகள் பலவற்றில் உள்ளது இச்சுழல் முறையே.

சுழற்சி மணலையும் உமியையும் பிரிக்கும். சாம்பல் நுண்பொடியை முழுதும் பிரிக்காது. அதற்குப் பின்னே ஒரு நுண்வடிகட்டி வேண்டும். ‘ஹெப்பா’ எனப்படும் வடிகட்டி 0.3 மைக்ரான் துகள்களிலும் 99.97 விழுக்காட்டைத் தடுக்கும் என்பது அதற்குரிய தரம். ஆனால் ‘ஹெப்பா போன்றது’ எனப் பெட்டியில் அச்சிட்டிருந்தால் அது ஹெப்பா அன்று. மேலும், வடிகட்டி நல்லதாயிருந்தும் அது பொருந்தும் விளிம்பில் இடைவெளி இருந்தால், தூசி கதவை விட்டுச் சந்துவழியே வெளியேறும்.

கழுவத்தக்க வடிகட்டி சிக்கனமானது. ஆனால் அது ஒரு நாள் முழுதும் நிழலில் உலர வேண்டும். ஈரத்தோடு பொருத்தினால் சாம்பல் சேறாகி அடைத்துக்கொள்ளும். ஆகவே தொடக்கத்திலேயே இரண்டு வடிகட்டிகள் வாங்குக. மாற்று வடிகட்டி கடலூரிலோ விருத்தாசலத்திலோ கிடைக்குமா, தபாலில் தருவிக்க இயலுமா என்று முன்னரே கேட்டறியாமல் பணம் கொடுப்பது சரியன்று. வடிகட்டி கிடைக்காத கருவி இரண்டே ஆண்டில் பரண் ஏறிவிடும்.

கடைக்கு ஒரு பொட்டலம்

கருவி வாங்கச் செல்லும்போது நான்கு சிறு பொட்டலங்களை உடன் கொண்டு செல்லுமாறு பரிந்துரைக்கிறோம். ஒன்றில் மணல், ஒன்றில் முகத்துக்குப் பூசும் பவுடர், ஒன்றில் முடியும் நூலும், ஒன்றில் பொரி. கடைக்காரர் இசைவுடன் ஒரு துண்டுக் கம்பளத்தில் இவற்றைத் தூவி, கருவியை இயக்கச் சொல்லுக. மணலும் பொரியும் எத்தனை முறை இழுத்தால் போகின்றன, முடி எங்கே சிக்குகிறது என்பவற்றைக் கவனிக்கலாம். பவுடரை உறிஞ்சும்போது, கருவியின் காற்று வெளியேறும் வாயின் குறுக்கே கைவிளக்கின் ஒளியைப் பாய்ச்சிப் பாருங்கள். ஒளியில் பொடி மின்னினால் அக்கருவி தூசியை எடுக்கவில்லை, இடம் மாற்றுகிறது. இச்சோதனைக்கு ஒப்பாத கடையில் அவசரப்பட வேண்டியதில்லை.

அடுத்து, கருவியை வீட்டில் அதனைப் பயன்படுத்தப் போகிறவரின் கையில் கொடுங்கள். தோள் உயரத்துக்குத் தூக்கி இரண்டு நிமிடம் பிடித்திருக்கட்டும். வாங்குபவர் ஒருவர், வேலை செய்பவர் வேறொருவர் என்பது நம் இல்லங்களில் வழக்கம். அதனாலேயே கை வலிக்கும் கருவிகள் மூலையில் உறங்குகின்றன. பிறகு, வண்டியில் அதற்குரிய இடத்தை அளந்து குறித்துச் சென்ற தாளோடு ஒப்பிடுக. எடுத்து மாட்ட எளிதாகக் கதவருகே, வார்ப்பட்டை கொண்டு இறுக்கிக் கட்டத்தக்கதாக அவ்விடம் இருக்க வேண்டும். திடீரென வண்டியை நிறுத்தும்போது கட்டப்படாத கருவி கல்லைப்போல் பறந்து வரும்.

சில எச்சரிக்கைகள்

கொசுவர்த்திச் சுருளின் சாம்பல், அணையாத திரி, அடுப்பின் தணல் ஆகியவற்றை ஒருபோதும் உறிஞ்சலாகாது. வெளியில் அணைந்ததுபோல் தோன்றும் கனல், கருவிக்குள் காற்று பட்டதும் மூண்டெழும். பெட்ரோல், மண்ணெண்ணெய் சிந்திய இடத்திலும், சமையல் வாயு மணம் வீசும்போதும் கருவியை இயக்கலாகாது. ஈரத்தையும் உறிஞ்சலாம் எனக் குறிப்பிடப்படாத கருவியில் சிந்திய சாம்பாரையோ ஈர மணலையோ இழுக்க வேண்டாம். ஈர மணலை உலரவிட்டு எடுக்கலாம். சாம்பாருக்குப் பழந்துணியே சிறந்த கருவி.

தூசிக் கலத்தை வண்டிக்குள் திறத்தல் கூடாது. வெளியே சென்று, காற்றுக்கு முதுகைக் காட்டி நின்று, கலத்தின் வாயை ஒரு பைக்குள் விட்டுத் தட்டுக. இளைப்பு உள்ளவர் அப்போது அருகில் நிற்கலாகாது. அந்த வேலையை மற்றவர் ஏற்பதே முறை. முகத்தைத் துணியால் மூடிக்கொள்வதும் நல்லது.

யாருக்கு வேண்டும், யாருக்கு வேண்டாம்?

எல்லோரும் இதனை வாங்கியே தீர வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. ஆண்டுக்கு ஒருமுறை வாடகை வேனில் சென்று வருபவருக்குச் சிறு பெருக்குமாறும் ஈரத்துணியும் போதும். சொந்த வண்டியாயினும், தரையில் கம்பளம் இல்லாமல் ரெக்ஸின் விரிப்பு மட்டும் இருந்து, வீட்டில் எவருக்கும் மூச்சுத் தொல்லை இல்லையெனில், செருப்பை வாசலில் கழற்றி, கால் மண்ணைத் தட்டி ஏறும் பழக்கமே பாதி வேலையை முடித்துவிடும். கம்பளத்தை அகற்றிவிட்டு, உதறத்தக்க ஜமுக்காளம் விரிப்பது எந்தக் கருவியையும்விட மலிவானது.

ஆனால் மெத்தையும் துணியிருக்கையும் பொருத்திய வண்டியில் அடிக்கடி உறங்கும் குடும்பத்தில், இளைக்கும் குழந்தை ஒன்று இருந்தால் கதை வேறு. துடைப்பம் கிளப்பும் தூசி அந்தச் சிறு அறைக்குள் நெடுநேரம் மிதந்து, படுத்திருக்கும் குழந்தையின் மூச்சிலேயே அடங்கும். அவ்வீட்டாருக்குத் தூசி உறிஞ்சி ஆடம்பரம் அன்று. அவர்கள் வாட் எண்ணையும், பளபளக்கும் நிறத்தையும், பத்துப் பன்னிரண்டு இணைப்புகளையும் பின்னுக்குத் தள்ளி, நல்ல வடிகட்டிக்கே முதலிடம் தருவார்களாக. அடுத்தது வண்டியின் பேட்டரிக்கு இசைந்த மின் அளவு. அதற்கடுத்தது கைக்கு இசைந்த எடை. விலை இவற்றின் பின்னரே வரட்டும்.

ஆகவே, கடைக்குப் புறப்படுமுன் ஒரு மாலை வேளையில் குடும்பத்தார் அனைவரும் கூடி அமர்ந்து இரண்டு கேள்விகளுக்கு விடை காணுங்கள்: நம்மில் யாருடைய நெஞ்சு மிக மெலிந்தது? இக்கருவியை நாள்தோறும் எடுக்கப் போவது யார்? இவ்விருவருக்கும் ஏற்றது எதுவோ, அதுவே உங்கள் வண்டிக்கு உரிய கருவி.